மறைத்து அணியும் சிறு கைத்துப்பாக்கி: தேர்வும் திருத்தமும்

டெக்சஸ் மாநிலத்தில் துப்பாக்கி வாங்குவது எளிது. வாங்கிய துப்பாக்கியைக் காலையிலிருந்து இரவு வரை உடம்போடு வைத்துக்கொண்டு, யார் கண்ணுக்கும் தெரியாமல், யாருக்கும் ஆபத்து நேராமல் நாள்களைக் கழிப்பது எளிதன்று. கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் துப்பாக்கியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதைத் தாங்கும் உறையான ஹோல்ஸ்டரையும் பெல்டையும் பற்றி, அதை அணிந்துகொண்டு குனிவதையும் உட்காருவதையும் பற்றி, அதோடு எந்த வாசலைத் தாண்டக் கூடாது என்பதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஹூஸ்டனின் மேற்குப் புறநகரில் ஒரு சிறிய மருந்துக்கடையை நடத்தி வருகிறேன். வலி நிவாரணிகளுக்காக மருந்துக்கடைகளைக் குறிவைத்துக் கொள்ளையடிப்பது இந்த நாட்டில் புதிதல்ல. இரவில் கடையை நான்தான் பூட்டுகிறேன், பணத்தையும் நான்தான் எடுத்துச் செல்கிறேன். அதனால்தான் துப்பாக்கி அணியத் தொடங்கினேன். அது தேவையா என்ற கேள்விக்கு ஒவ்வொருவரும் தம் வீட்டில் அமர்ந்து விடை காண வேண்டும். தேவை என்று முடிவு செய்தவர்களுக்கு, எதைத் தேர்வது, எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்பதை என் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நம்மவர்களில் பலருக்கு இது தெரியாததால் இதைத் தாண்டிச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. எச்1பி, எல்1, மாணவர் விசா போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்காமல் அந்த விலக்கை நம்பி இறங்குவது, பல ஆண்டுகள் காத்திருந்து பெறப்போகும் கிரீன் கார்டைப் பணயம் வைப்பதாகும். நண்பரோடு சுடுதளத்துக்குப் போய் அவருடைய துப்பாக்கியைச் சிறிது நேரம் கையில் வாங்கிச் சுடுவதுகூட இந்தத் தடைக்குள் வரக்கூடும். கிரீன் கார்டு பெற்றவர்களுக்கும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சரிபார்ப்பு முடிந்தபின் துப்பாக்கியை வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில், தகுதியுள்ள 21 வயது நிறைந்தவர்கள் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். இருந்தும் உரிமத்தை வாங்கிவிடுங்கள் என்றுதான் கேட்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. அந்த மாநிலம் வழங்கிய உரிமம் உள்ளவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. புறநகரில் காரை எடுத்துக்கொண்டு எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு பள்ளியின் 1000 அடிக்குள் நுழைந்துவிடுகிறோம் என்பதை வரைபடத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். உரிமத்துக்கான வகுப்பு 4 முதல் 6 மணி நேரம் நடக்கிறது. எழுத்துத் தேர்வும் சுடும் தேர்வும் உண்டு. சுடும் தேர்வில் 3, 7, 15 கஜத் தொலைவுகளிலிருந்து மொத்தம் 50 தோட்டாக்களைச் சுட்டு 70 விழுக்காடு பெற வேண்டும். அது கடினமான தேர்வு அல்ல. ஆனால் எந்த இடங்களில் நுழையக் கூடாது, எந்தச் சூழலில் சட்டம் நம் பக்கம் நிற்காது என்பவற்றை ஒருவர் நேருக்கு நேர் விளக்க, கேள்வி கேட்டுத் தெளிந்துகொள்ளும் வாய்ப்பு அந்த அறையில்தான் கிடைக்கிறது.

இனித் துப்பாக்கிக்கு வருகிறேன். மறைத்து அணியும் துப்பாக்கியில் இரண்டு தேவைகள் எப்போதும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டே இருக்கும். சிறியதாக, எடை குறைந்ததாக இருந்தால் அணிவது சுகம். ஆனால் பிடி சிறுத்து, சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும் உதைப்பு கூடி, சுடுவது கடினமாகும். பெரியதாக, கனமாக இருந்தால் சுடுவது சுகம். ஆனால் சட்டைக்குள் அடங்காது, ஒரு மாதத்தில் அலுத்துப் போய் அலமாரியில் வைத்துவிடுவோம். தன் உடல், தன் உடை, தன் கை இந்த மூன்றுக்கும் ஏற்ப அந்த இரண்டும் சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் தேர்வு. அடுத்தவருடைய பரிந்துரையால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

அளவுகளைப் பார்த்தால் இது விளங்கும். 1988இல் வந்த கிளாக் 19 இன்றும் பலருக்கு அளவுகோல். குழல் ஏறத்தாழ 4 அங்குலம். பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடான மேகசினில் 15 தோட்டாக்கள். முழுக்க நிரப்பினால் 850 கிராமுக்குச் சற்று மேலே நிற்கும். அதைக் கையில் எடுத்தவுடன் எவருக்கும் நன்றாகச் சுட வரும். 2018இல் சிக் சாவர் நிறுவனம் பி365 மாதிரியை வெளியிட்டபோது சந்தையே திரும்பியது. 3.1 அங்குலக் குழலும், வெறும் எடை ஏறத்தாழ அரைக் கிலோவும் கொண்ட அந்தச் சிறிய உடலுக்குள் 10 தோட்டாக்களை அடக்கிவிட்டார்கள்; மேகசினுக்குள் தோட்டாக்கள் முழு இரட்டை வரிசையாகவும் இல்லாமல் ஒற்றை வரிசையாகவும் இல்லாமல் நெருங்கி மாறி மாறி அமரும்படி வடிவமைத்ததால் அது முடிந்தது. அடுத்த ஆண்டே கிளாக் 43எக்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட், சற்றே நீண்ட பி365எக்ஸ்எல் ஆகியவை வந்தன. 2021இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு பிளஸ் வந்தது. இன்று வாங்குபவர்கள் பெரும்பாலும் இந்த வரிசைக்குள்தான் தேடுகிறார்கள்.

புதிதாக வாங்குபவர்கள் குழலின் நீளத்தைப் பார்த்து மறைப்பை அளவிடுகிறார்கள். உண்மையில் குழல் கால்சட்டைக்குள் இறங்கிவிடுகிறது. அது அரை அங்குலம் நீண்டாலும் வெளியே தெரியாது. பெல்டுக்கு மேலே நிற்பது பிடி. சட்டையைத் தூக்கிக்கொண்டு துருத்துவதும் பிடியின் பின்முனைதான். ஆகவே மறைப்புக்கு முதலில் அளக்க வேண்டியது பிடியின் உயரம், அடுத்தது தடிமன், கடைசியாகத்தான் நீளம். கிளாக் 43எக்ஸும் கிளாக் 19உம் மேகசினோடு சேர்த்து ஒரே உயரம், ஏறத்தாழ 5 அங்குலம். 43எக்ஸ் மறைவாக இருப்பது அதன் ஒல்லியான உடலால்தான். பி365எக்ஸ்எல் உயரத்தில் 4.8 அங்குலம், மேகசினில் 12 தோட்டாக்கள், குழல் 3.7 அங்குலம். பெல்டுக்குக் கீழே இறங்கும் பகுதி சற்று நீளமாக இருந்தால், அது மேலே இருக்கும் பிடி வெளிப்பக்கம் சாயாமல் எதிர் எடையாக நின்று பிடிக்கிறது என்பதையும் அணிந்து பார்த்தபின் உணர்ந்தேன். மிகச் சிறியதைத் தேடி வாங்கியவர்கள் பலர் பிறகு இந்த நடு அளவுக்கு வந்து சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்குவதற்கு முன் வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டுப் பாருங்கள். முதல் மேகசினை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டித் தோட்டாவாவது, அதாவது குறைந்தது 50 தோட்டாக்கள், சுட்டு, கை களைத்த நிலையில் கடைசியாகச் சுடும் மேகசினைத்தான் பார்க்க வேண்டும். நான் நான்கு மாதிரிகளை ஒரே மாலையில் 7 கஜத் தொலைவில் சுட்டு, குறித்தாள்களைக் கழற்றித் தரையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். மிகச் சிறியதன் தாளில் முதல் ஐந்து துளைகள் நெருக்கமாக இருந்தன. கடைசி ஐந்து இடப்பக்கம் கீழே இறங்கியிருந்தன. சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமில்லாமல் மற்ற விரல்கள் அளவுக்கு மீறி இறுக்கியதன் விளைவு அது. பி365எக்ஸ்எல்லின் தாளில் முதலும் கடைசியும் ஒரே இடத்தில் இருந்தன. அதுவே என் தேர்வானது.

என் மனைவிக்கு அது பொருந்தவில்லை. சிறிய துப்பாக்கிகளில், சுடும்போது பின்னகர்ந்து திரும்பும் மேற்பகுதியான ஸ்லைடு குறைந்த தூரமே பின்னகர்கிறது; அதற்குள் உதைப்பை அடக்க வேண்டியிருப்பதால் அதன் சுருள்வில் கடுமையாக இருக்கும். ஸ்லைடை விரல் நுனியால் கிள்ளி இழுத்துத் தவித்தபோது, அருகிலிருந்த பயிற்றுநர், ஓய்வுபெற்ற காவல்துறை அதிகாரி, இடது உள்ளங்கையால் ஸ்லைடை மேலிருந்து கவ்வி, இழுப்பதற்குப் பதிலாக வலது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளச் சொன்னார். அப்படிச் செய்ததும் எளிதாக நகர்ந்தது. ஆனாலும் "சுத்தம் செய்யும்போது ஒவ்வொரு தடவையும் இதோடு மல்லுக்கட்ட வேண்டுமாங்க?" என்று மனைவி என்னிடம் கேட்டது நியாயமான கேள்வி. ஸ்லைடு இலகுவாக நகர்வதற்கென்றே வடிவமைத்த ஷீல்டு ஈஇசட் 9 மில்லிமீட்டர் மாதிரியை அவர் எடுத்துக்கொண்டார். அதில் 8 தோட்டாக்கள்தான். பிடியின் பின்பக்கம் ஒரு பாதுகாப்புத் தகடு இருக்கிறது. உள்ளங்கையால் அதை முழுவதும் அழுத்தினால்தான் சுடும். வீட்டில் இருவருக்கும் ஒரே துப்பாக்கி என்று சிக்கனம் பார்க்காதீர்கள்.

தோட்டாவின் அளவைப் பற்றிய விவாதம் முடிவில்லாமல் நடப்பதுண்டு. நான் அதில் நெடுநேரம் செலவிடவில்லை. 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்பிஐ அதிகாரிகள் உயிரிழந்தார்கள். அதன்பின் அந்த அமைப்பு பெரிய தோட்டாக்களுக்கு மாறியது. 9 மில்லிமீட்டர் விட்டமுள்ள நவீன தோட்டாக்கள் மேம்பட்டபின் மீண்டும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. சோதனைக்கான ஜெலட்டின் கட்டிக்குள் 12 முதல் 18 அங்குலம் வரை தோட்டா ஊடுருவ வேண்டும் என்பது அவர்களுடைய அளவுகோல். நுனியில் குழியுள்ள, உடலுக்குள் விரிந்து நின்றுவிடும் தோட்டாவையே அணியும் துப்பாக்கியில் இட வேண்டும். முழுவதும் செப்பு உறை போர்த்திய பயிற்சித் தோட்டா எதிரில் இருப்பவரைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்பவர் வரை போகக்கூடும். நான் 124 கிரெயின் எடையுள்ள ஸ்பீர் கோல்டு டாட் தோட்டாவைப் பயன்படுத்துகிறேன். எதை வாங்கினாலும், அதில் சில பெட்டிகளை உங்கள் துப்பாக்கியிலேயே, நீங்கள் அணியும் அதே மேகசின்களில் போட்டுச் சுட்டு, ஒருமுறைகூடச் சிக்காமல் இயங்குகிறதா என்று பார்க்காமல் இடுப்பில் வைக்காதீர்கள். அந்தத் தோட்டாவின் விலை அதிகம்தான். அதற்கான தொகையைத் துப்பாக்கி வாங்கும்போதே ஒதுக்கிவிட வேண்டும்.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் ஹோல்ஸ்டரைப் பற்றிய இந்தப் பகுதியைப் படியுங்கள். இன்றைய சிறு துப்பாக்கிகள் பலவற்றில் தனியான பாதுகாப்பு விசை கிடையாது. ட்ரிகர் அழுந்தினால் சுடும். ஆகவே ட்ரிகரை எதுவும் அழுத்தாமல் காப்பது ஹோல்ஸ்டர்தான். அது கைடெக்ஸ் போன்ற விறைப்பான பிளாஸ்டிக்கில், உங்கள் மாதிரிக்கென்றே வார்த்ததாக இருக்க வேண்டும். ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையத்தை இருபுறமும் முழுவதும் மூட வேண்டும். துப்பாக்கியை வெளியே எடுத்தபின்னும் அதன் வாய் சுருங்காமல் விரிந்தே நிற்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து உதறினாலும் துப்பாக்கி நழுவக் கூடாது. எல்லா அளவுக்கும் பொருந்தும் என்று மலிவாகக் கிடைக்கும் துணி உறைகளின் வாய் மடங்கி உள்ளே நுழைந்து ட்ரிகரில் சிக்கலாம். பழைய தோல் உறைகளும் காலப்போக்கில் வியர்வையில் ஊறி நெகிழ்ந்து அப்படி மடங்குவதுண்டு. 600 டாலர் கொடுத்துத் துப்பாக்கி வாங்கியவர் 15 டாலர் உறையில் அதை வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நல்ல ஹோல்ஸ்டரில் இரண்டு சிறு பாகங்களைக் கவனியுங்கள். ஒன்று, பெல்டின் உட்பக்கத்தில் முட்டிக்கொண்டு பிடியை உடம்பை நோக்கித் திருப்பும் சிறகு போன்ற துண்டு. கிளா என்று சொல்வார்கள். இன்னொன்று, குழலின் பக்கம் ஒட்டும் ஆப்பு போன்ற மெத்தை. அது கீழ்ப்பகுதியை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளுவதால் மேலே பிடி உள்ளே சாய்கிறது. என்னைப் போல் நடுவயதில் சற்றே தொப்பை விழுந்தவர்களுக்கு இந்த மெத்தை இன்றியமையாதது. அது இல்லாவிட்டால் வயிறு பிடியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பெல்டும் விறைப்பாக, சிறு சிறு இடைவெளிகளில் இறுக்கித் தளர்த்தும்படி இருக்க வேண்டும். தளர்ந்த பெல்டில் தொங்கும் நல்ல ஹோல்ஸ்டர், ஆடும் ஆணியில் மாட்டிய படத்தைப் போல ஒவ்வோர் அசைவிலும் கோணிக்கொண்டே இருக்கும். அதைக் கை தன்னையறியாமல் தொட்டுத் தொட்டுச் சரிசெய்யும். அந்தத் தொடுதல்தான் மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுக்கும்.

வலது இடுப்பின் பின்புறம் அணிவதா, வயிற்றின் முன்புறம் அணிவதா என்பது உடலையும் வேலையையும் பொறுத்தது. முன்புறம் அணிந்தால் மறைப்பு நன்றாக இருக்கும், கை விரைவாகச் சேரும், கூட்டத்தில் பின்னாலிருந்து எவரும் பறிக்க முடியாது. ஆனால் உட்காரும்போது குழல் தொடையின் பெரிய இரத்தக்குழாயை நோக்கி நிற்கிறது. அதனால் நான் முன்புறம் அணிந்தாலும், காலையில் துப்பாக்கியை ஹோல்ஸ்டரில் செருகுவதை உடம்பில் வைத்துச் செய்வதில்லை. ஹோல்ஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் திருப்பித் துப்பாக்கியை அதற்குள் அமர்த்தி, பிறகு இரண்டையும் சேர்த்தே இடுப்பில் மாட்டுகிறேன். தற்செயலான வெடிப்புகளில் பல மீண்டும் செருகும் நேரத்தில்தான் நிகழ்கின்றன. சட்டையின் ஓரமோ, மேலங்கியின் இழுகயிறோ உள்ளே சிக்கி ட்ரிகரை இழுத்துவிடுகிறது. வெளியே எடுப்பதில் வேகம் வேண்டும். செருகுவதில் வேகத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. கண்ணால் பார்த்து, சட்டையை விலக்கி, மெதுவாகச் செய்யுங்கள்.

முதல் வாரங்களில் அதே அளவுள்ள நீலப் பிளாஸ்டிக் பயிற்சி மாதிரியைத்தான் ஹோல்ஸ்டரில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினேன். கண்ணாடிக்கு முன்னால் நேராக நிற்கும்போது யாருக்கும் எதுவும் தெரியாது. மளிகைக் கடையில் கீழ்த்தட்டிலிருந்து இருபது பவுண்டு அரிசி மூட்டையை எடுப்பதைப் போல இடுப்பை வளைத்துக் குனிந்து பாருங்கள். பின்னால் அணிந்திருந்தால் பிடி சட்டையில் கூடாரம் போட்டு நிற்கும். முழங்காலை மடக்கி இறங்கப் பழகிக்கொள்ள வேண்டும். மேல்தட்டை எட்டும்போது சட்டையின் விளிம்பு ஏறிவிடும். ஆகவே வழக்கத்தைவிட இரண்டு அங்குலமாவது நீளமான சட்டை வேண்டும். அழுத்தமான ஒற்றை நிறச் சட்டையில் மேடு பள்ளம் தெளிவாகத் தெரிகிறது. சிறு கட்டமோ பூவோ உள்ள பருத்திச் சட்டையில் தெரிவதில்லை. ஹூஸ்டனின் கோடையில் வேறு மேலாடைக்கு வழியில்லாததால் இந்தச் சிறு விவரங்கள்தான் கைகொடுக்கின்றன. கார் இருக்கையில் அமர்ந்து சீட் பெல்டைப் பூட்டித் திறக்கும்போது கை எங்கே போகிறது, சட்டை எங்கே சிக்குகிறது என்பதையும் பயிற்சி மாதிரியோடு பார்த்துவிடுங்கள்.

இனி, மாற்றங்கள். துப்பாக்கியில் கண் பார்ப்பதையும் கை பிடிப்பதையும் மாற்றலாம். ட்ரிகர் முதல் சுடும் ஊசி வரையிலான உள் இயக்கத்தைத் தொடக் கூடாது. இதுவே என் கொள்கை. ட்ரிகரை இலகுவாக்கும் உதிரிப் பாகங்கள் ஏராளமாக விற்கின்றன. போட்டிக்குச் சுடுபவர்களுக்கு அவை தேவைப்படலாம். இடுப்பில் அணியும் துப்பாக்கியில், உள்ளங்கை வியர்த்து, இதயம் படபடக்கும் நேரத்தில் தொடும் ட்ரிகர், தொழிற்சாலை வைத்த எடையிலேயே இருக்கட்டும். கீழே விழுந்தால் வெடிக்காமல் காக்கும் உள் அமைப்புகள் அந்தப் பாகங்களின் நுண்ணிய அளவுகளை நம்பியே இயங்குகின்றன. அதோடு, தற்காப்புக்காகச் சுட நேர்ந்து வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால், மாற்றிய ட்ரிகரைப் பற்றி எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கப்போகும் கேள்விகளுக்கும் நாம் விடை வைத்திருக்க வேண்டும்.

பிடியில் தாராளமாக மாற்றலாம். பி365 குடும்பத்தில் இதற்கு ஒரு தனி வசதி உண்டு. சட்டத்தின் பார்வையில் துப்பாக்கி என்பது வரிசை எண் பொறித்த உட்புற இரும்புச் சட்டகம் மட்டுமே. அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் பிடி வெறும் உதிரிப் பாகம். சிறியது, பெரியது, சொரசொரப்பானது என்று பிடிகளைத் தனியாக வாங்கி வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். முதலில் அதிகச் சொரசொரப்பான பிடியைப் போட்டேன். கைக்கு அற்புதமாகப் பிடிமானம் கொடுத்தது, ஆனால் நாள் முழுவதும் வயிற்றுத் தோலை உரசிச் சிவக்க வைத்தது. இப்போது விரல்கள் படியும் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் மட்டும் சொரசொரப்பு நாடாவை ஒட்டி, உடம்பில் படும் பக்கத்தை வழவழப்பாகவே விட்டிருக்கிறேன். சூடான கம்பியால் பிளாஸ்டிக்கில் புள்ளி குத்தும் வேலையை நான் விரும்புவதில்லை. அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது, உத்தரவாதமும் போய்விடக்கூடும்.

குறிபார்க்கும் பாகங்களில்தான் செலவழித்த காசுக்கு முழுப் பலன் கிடைக்கிறது. பல துப்பாக்கிகளில் வெள்ளைப் புள்ளி வைத்த எளிய குறிகளே வருகின்றன. டிரிடியம் என்ற கதிரியக்க வாயுவால் இருட்டில் ஒளிரும் குறிகள் என் போன்று இரவில் கடை பூட்டுபவர்களுக்குப் பயன்படும். டிரிடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் காலம், ஏறத்தாழ 12 ஆண்டுகள் என்பதால், பழைய துப்பாக்கி வாங்கும்போது குறியில் பொறித்த ஆண்டைப் பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு முன்குறியே மங்கலாகத் தெரியத் தொடங்கும். அங்கேதான் ஸ்லைடின் மேல் பொருத்தும் ரெட் டாட் என்ற சிறு கண்ணாடிக் கருவி உதவுகிறது. அதில் குறியை உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. எதிரில் இருப்பதைப் பார்த்தால் போதும், சிவப்புப் புள்ளி அதன்மேல் வந்து நிற்கும். ஆனால் முதல் சில மாதங்கள் புள்ளி கண்ணாடிக்குள் அகப்படவே அகப்படாது, ஏனென்றால் மணிக்கட்டின் சிறு சாய்வும் அதைக் கண்ணாடிக்கு வெளியே தள்ளிவிடும். வீட்டில் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, மேகசினையும், குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையையும் இருமுறை சோதித்து, வெறும் துப்பாக்கியால் சுவரை நோக்கி மெதுவாக உயர்த்திப் பழகினால்தான் கைக்கு அது வசப்படும். அதற்கு நேரம் இல்லாதவர்கள் நல்ல இரும்புக் குறிகளோடு நின்றுகொள்வது மேல்.

ரெட் டாட் வாங்கும்போது, அதன் அடிப்பகுதி உங்கள் ஸ்லைடில் வெட்டியிருக்கும் பள்ளத்தோடு நேராகப் பொருந்துமா, இடையில் தகடு வேண்டுமா, பின்குறி அப்படியே இருக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி பக்கவாட்டில் செருகும் வகையாக இருந்தால் நல்லது. அடியில் வைக்கும் வகையில் ஒவ்வொரு முறையும் கழற்றி மாட்டிச் சுடுதளத்தில் குறியைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்தில் முடுக்கி, நீல நிறப் பூட்டுப்பசை இட்டு, திருகின் தலையையும் பக்கத்து உடலையும் சேர்த்து ஒரு கோடு நகப்பூச்சால் இழுத்துவிடுங்கள். திருகு மயிரிழை தளர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிவிடும். என் துப்பாக்கியில் அந்தக் கோட்டைக் காலையில் மாட்டும்போது ஒருமுறை பார்த்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

பராமரிப்பில் நம் ஊர்க் கடற்கரைப் புழுக்கத்தைப் போன்ற ஹூஸ்டன் ஈரப்பதம்தான் எதிரி. உடம்பில் படும் பக்கத்தில் வியர்வை உப்பு சேர்ந்து திருகுகளிலும் குறிகளிலும் துரு பிடிக்கும். சட்டையின் பஞ்சு ரெட் டாட்டின் ஒளி உமிழும் துளையில் படியும். வாரம் ஒருமுறை தோட்டாக்களை இறக்கி, மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து, கண்ணாடியை ஊதிச் சுத்தம் செய்தால் போதும். இறக்கும்போதெல்லாம் துப்பாக்கியின் அறையிலிருந்து வெளிவரும் அதே தோட்டாவை மீண்டும் மீண்டும் ஏற்றாதீர்கள்; ஒவ்வொரு முறையும் அதன் ஈயமுனை உறைக்குள் சற்று அழுந்தி, தோட்டாவின் நீளம் குறையலாம். அது சுடும்போது உண்டாகும் அழுத்தத்தைக் கூட்டிவிடும். அப்படிப்பட்டவற்றைத் தனியே ஒதுக்கிப் பயிற்சியில் சுட்டுத் தீர்த்துவிடுகிறேன்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், துப்பாக்கி ஒன்று உடம்பில் இருக்க வேண்டும், இல்லையேல் பூட்டிய பெட்டகத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது இடம் கிடையாது. 17 வயதுக்கு உட்பட்டவர் கையில் எளிதாகக் கிடைக்கும்படி நிரப்பிய துப்பாக்கியை வைப்பது டெக்சஸில் குற்றம். காரில் வைத்துவிட்டுப் போவதும் சரியான பழக்கமன்று; கண்ணாடியை உடைத்துத் திருடும் துப்பாக்கிகள் எங்கே போய்ச் சேரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. தவிர்க்க முடியாத வேளைக்காக இருக்கையின் இரும்புச் சட்டத்தோடு கம்பிவடத்தால் பிணைத்த சிறு பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். பேர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகும் நாள்களில் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்திலேயே இருந்துவிடும். வேட்டி கட்டிக்கொண்டு, தரையில் விழுந்து வணங்கி, சம்மணமிட்டு அமரும் இடத்தில் அதை அணிவதற்கு உடையும் ஒத்துழைக்காது, என் மனமும் ஒப்பாது. மது பரிமாறும் விருந்து என்றாலும் அப்படியே.

கடை வாசல்களில் 30.06 என்ற எண்ணிட்ட பலகை இருந்தால், உரிமம் உள்ளவர்களும் மறைத்து எடுத்துச் செல்லக் கூடாது என்று பொருள். அங்கேயே அருந்தும் மதுவின் விற்பனையால் வருமானத்தில் 51 விழுக்காடோ அதற்கு மேலோ ஈட்டும் இடங்களில் சிவப்பு நிறத்தில் 51 என்று எழுதியிருக்கும்; அங்கும் நுழையக் கூடாது. போக்குவரத்துக் காவலர் நிறுத்தினால் கைகள் இரண்டையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை கேட்கும்போது ஓட்டுநர் உரிமத்தோடு துப்பாக்கி உரிமத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய விமான நிலையப் பகுதியில் துப்பாக்கிக்கு இடமே இல்லை.

பயணம் என்றால் இரண்டு எச்சரிக்கைகள். எடிசனிலோ ஜெர்சி சிட்டியிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போகும்போது டெக்சஸ் உரிமம் உதவாது. நியூ ஜெர்சி அதை ஏற்பதில்லை, கலிஃபோர்னியாவும் ஏற்பதில்லை. 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் மேகசினை வைத்திருப்பதே நியூ ஜெர்சியில் தனிக் குற்றம், ஆகவே பி365எக்ஸ்எல்லின் 12 தோட்டா மேகசின் காலியாக இருந்தாலும் அங்கே சிக்கல்தான்.

இரண்டாவது எச்சரிக்கை இந்தியாவுக்குப் போவது பற்றியது. சுடுதளத்துக்குக் கொண்டுபோகும் முதுகுப்பையின் மூலையில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்து, அதே பையோடு விமானம் ஏறி, இந்திய விமான நிலையத்தின் எக்ஸ்ரே சோதனையில் அகப்பட்டுக்கொண்ட வெளிநாட்டு இந்தியர்கள் ஒருவர் இருவர் அல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகும். அறியாமல் வைத்திருந்தது என்று நிறுவி உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்துகொண்டவர்கள் உண்டு. ஆனால் அதுவரை கடவுச்சீட்டும் விடுமுறையும் அமெரிக்க வேலையும் என்ன ஆவது என்பதை எண்ணிப் பாருங்கள். சுடுதளத்துக்கென்று கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பை வாங்கிக் கொட்டகையில் மாட்டி வைத்திருக்கிறேன். தோட்டாவும் மேகசினும் அந்தப் பையைத் தவிர வேறெதிலும் நுழைவதில்லை. அந்தப் பை சுடுதளத்தைத் தவிர வேறெங்கும் போவதில்லை. சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவில், எங்கள் பெட்டிகள் எல்லாவற்றையும், அவற்றில் எதுவும் இருக்க வாய்ப்பில்லை என்று தெரிந்தும், ஒவ்வோர் அறையாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் துணி அடுக்கத் தொடங்குகிறோம்.